பேசாக் கணக்கு

நவம்பரில் ஒப் நீர்த்தேக்கம் உறைந்த அன்று
ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம், நானும் க்ளெப்பும்:
ஒரே கணக்கை இருவரும் தனித்தனியே போடுவது,
வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

கணக்கு இதுதான்.
எலெக்ட்ரான் ஒரு சின்னக் காந்தம்.
அதன் வலிமைக்கு எண் இரண்டு என்றது
பழைய சமன்பாடு. முழுதாய், சுத்தமாய், இரண்டு.
அளந்து பார்த்தால் மயிரிழை கூடுதல்:
ஆயிரத்தில் ஒரு பங்கும் கொஞ்சமும்.
அந்தக் கொஞ்சம் எங்கிருந்து வருகிறது?

எலெக்ட்ரான் ஒருபோதும் தனியாய் இருந்ததில்லை.
ஓர் ஒளித்துகளை உமிழும்,
யாரும் பார்க்குமுன் விழுங்கிக்கொள்ளும்.
அந்த ஒளித்துகளோ பாதிவழியில் இரண்டாய்ப் பிளந்து
மறுபடி ஒன்றாகும்.
ஊருக்குத் தெரியாமல் கடன் வாங்கி
ஊருக்குத் தெரியாமல் அடைக்கிற குடும்பம்.
ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு படம்.
மூன்று வளையம் வரை போனால் எழுபத்திரண்டு.
அதில் ஆறு எங்களுக்கு.

அகாதெம்கொரதோக்கில் அந்தக் குளிர்காலம் முழுக்க
கஞ்சிக்கு உப்புப் போதுமா என்று கேட்டோம்.
பனிச்சறுக்குக் கட்டைக்கு மெழுகு வாங்கினாயா,
பைன் மரத்து அணில் சன்னலுக்கு வந்ததா
என்றெல்லாம் கேட்டோம்.
அவன் தூக்கத்தில் முனகினால்
எந்தத் தொகையீடு என்று நான் கேட்கவில்லை.
நள்ளிரவுக்குப் பின்தான் கணினி எங்களுக்கு.
துளை அட்டைப் பெட்டியோடு அவன் திரும்ப,
என் பெட்டியோடு நான் கிளம்ப,
வாசலில், மைனஸ் முப்பத்தெட்டில்,
உதடு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தோடு ஒரு முத்தம்.
கணக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எங்களுக்கு இடையே சும்மா கிடந்த அந்த இடம்
சும்மா இருக்கவில்லை.

மார்ச்சில் செராஃபிம் பொத்தாபொவிச்
இரண்டு உறைகளையும் கிழித்தார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
ஐந்து படங்களில், ஐந்து தானம் வரை, ஒரே எண்.
ஆறாவதிலும் அதே எண்தான்;
என்னுடையதற்கு முன்னால் மட்டும்
ஒரு கழித்தல் குறி.
"அக்னியா ல்வோவ்னா, உங்கள் இருவரில்
ஒருவர் தலைகீழாக நிற்கிறீர்கள்."

பன்னிரண்டு நாள் தேடினேன்.
நூற்றுப் பதினேழாம் பக்கத்தில், தேநீர்க் கறைக்குக் கீழே,
ஓர் உந்தத்தின் அம்புக்குறியைத்
திருப்பிப் போட்டிருக்கிறேன். ஜனவரி ஒன்பது.
அன்று எதற்குச் சண்டை என்று ஞாபகமிருக்கிறது.
அதை இங்கே எழுத மாட்டேன்.

குறியைத் திருத்தியதும் எல்லாம் பொருந்தியது.
இரண்டு பேர், இரண்டு வழி, ஒரே விடை.
இதைவிடச் சாட்சி வேண்டுமா?
கட்டுரை அச்சானது.
கிரான்பெர்ரி ஊறிய வோட்கா, இரண்டு சிறு கோப்பை.

இரண்டு ஆண்டு கழித்து பெர்கனிலிருந்து ஓர் அஞ்சலட்டை.
ரக்ன்ஹில்ட் த்வைட்; நாங்கள் பார்த்திராத பெண்.
"மன்னிக்கவும். உங்கள் மூன்றாவது படம்
நான்காம் தானத்தில் எனக்கு ஒத்துவரவில்லை."
சிரித்தோம்.
சாப்பிட்டு முடித்தபோது
இருவரும் சிரித்துக்கொண்டிருக்கவில்லை.

சமையலறை அலமாரியில், மாவு டப்பாவை ஒட்டி,
தொகையீட்டு அட்டவணைப் புத்தகம் ஒன்று.
பச்சை அட்டை, க்ளெப்பின் மாணவப் பருவத்தது.
பகலில் அவன் எடுப்பான், இரவில் நான்.
நாற்பத்து நான்காம் பக்கத்தில்
எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.
அச்சுக்கோத்தவருக்குக் கண் மங்கலோ,
எழுத்துப் பெட்டியில் எட்டு தீர்ந்துபோயிற்றோ.
ஐந்து மாதம் வாயைக் கட்டியிருந்தோம்.
அலமாரியைப் பூட்டத் தோன்றவில்லை.

திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வெளியானது,
கடைசிப் பக்கத்தில், நான்கு வரி, த்வைட்டுக்கு நன்றியோடு.

அந்த மூன்றின் மேல்
பென்சிலால் ஓர் எட்டுப் போட்டுவைத்தேன்.
சென்ற வாரம் வேறெதற்கோ புத்தகத்தைத் திறந்தால்
ஓரத்தில் பொடி எழுத்தில் பதினோரு வரிக் கணக்கு,
அடியில் இன்னோர் எட்டு.
க்ளெப்பின் கையெழுத்து.
என்னிடம் அவன் சொல்லவேயில்லை.